இலக்கு எடை வந்தாச்சு, தொப்பை மட்டும் போகவில்லை: இனி கொழுப்பைக் குறைப்பதா, தசையைக் கூட்டுவதா?

எடை குறைத்தவருக்குக் கிடைக்கும் முதல் பரிசு, கல்யாண வீட்டில் யாராவது ஒரு சித்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் "என்னப்பா, சுகர் வந்துருச்சா?" என்ற கேள்விதான். எனக்கும் கிடைத்தது. என் உயரம் 172 செ.மீ. 86 கிலோவிலிருந்து 70க்கு வரப் பதினோரு மாதம் பிடித்தது. அந்த 70 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்றால் பெரிதாகக் காரணம் ஒன்றுமில்லை. கல்லூரி முடித்த வருஷம் அந்த எடையில் இருந்தேன், அவ்வளவுதான்.

எண் வந்த அன்று சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது, கை குச்சியாகியிருந்தது. தொப்பை மட்டும் தன் இடத்தில் இருந்தது. சரி, இன்னும் கொஞ்சம் குறைத்தால் இதுவும் போய்விடும் என்று ராத்திரி இரண்டு சப்பாத்தியை ஒன்றாக்கினேன். 66 கிலோ வரை போனேன். இடுப்பு 90 செ.மீ.யிலிருந்து 88க்கு வந்தது. நாலு கிலோ கொடுத்து இரண்டு சென்டிமீட்டர் வாங்கியிருந்தேன். அந்த மாதம்தான் ஒருநாள் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கப் போனேன். முட்டிக்கு மேல் வந்தது, அதற்கு மேல் வர மறுத்தது. கேன் போடும் பையன் அதையே தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தான். என்னைவிட அவன் பத்து கிலோவாவது குறைவாக இருப்பான்.

அந்த இடத்தில் இப்போது நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜிம்காரர்கள் இதைக் 'கட்டிங்கா (சாப்பாட்டைக் குறைத்துக் கொழுப்பைக் கரைப்பதா), பல்கிங்கா (சாப்பாட்டைக் கூட்டித் தசையை ஏற்றுவதா)' என்று கேட்பார்கள். இதுவரை எடை தூக்கிப் பழகாத ஒருவருக்கு, பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை என்பது என் கட்சி. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மாதம் சும்மா இருங்கள்

இலக்கைத் தொட்ட வாரமே அடுத்த திட்டத்தில் குதிக்காதீர்கள். மாதக்கணக்கில் குறைத்துச் சாப்பிட்ட உடம்பு களைத்திருக்கும். தூக்கம் கெட்டிருக்கும், எப்போதும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கும். அந்த மனநிலையில் எடுக்கிற முடிவு எதுவும் உருப்படாது.

இந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியது, எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் சாப்பாட்டு அளவைக் கண்டுபிடிப்பது. நாற்காலி வேலை, கூடவே தினமும் ஒரு நடை என்றால், எடையை 30ஆல் பெருக்கித் தொடங்கலாம். 70 கிலோவுக்கு 2,100 கலோரி. இது வெறும் உத்தேசம். சரியான கணக்கை உங்கள் எடை மெஷின்தான் சொல்லும். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, தண்ணீர் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணை மதிக்காதீர்கள். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் தினமும் 150, 200 கலோரி கூட்டுங்கள். இரண்டு, மூன்று இட்லி அளவுதான் அது.

கூட்டிய முதல் வாரம் எடை சட்டென்று ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறும். பயந்துபோய்த் திரும்பவும் பட்டினிக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் போகிறார்கள். அது கொழுப்பாக இருக்க வழியில்லை. ஒரு கிலோ கொழுப்பு சேரக் கிட்டத்தட்ட 7,700 கலோரி உபரி வேண்டும். மூன்று இட்லியில் அது வராது. மாவுச்சத்து உள்ளே போனதும் தசையும் ஈரலும் அதை கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து உட்காருகிறது. ஏறுவது அந்தத் தண்ணீர். இரண்டாவது வாரத்தில் நின்றுவிடும்.

டேப்பை எடுங்கள்

எடை மெஷின் இதுவரை நன்றாக உழைத்தது. இனி அதற்குப் பாதி வேலைதான். மீதியை டெய்லர் வைத்திருக்கும் இன்ச் டேப் பார்க்கும். இருபது, முப்பது ரூபாய் சமாச்சாரம்.

பேன்ட் அளவை இடுப்பளவு என்று நம்பாதீர்கள். என் பேன்ட் 32 என்றது, டேப் 35 என்றது. நம் ஆட்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறவர்கள். போதாததற்குக் கடைக்காரர்களும் தாராளமாகத் தைத்துவிட்டுச் சின்ன எண்ணாக ஒட்டுகிறார்கள். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், பலருக்கும் தொப்புளை ஒட்டிய மட்டத்தில், டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் கீழே சரிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். காலை வெறும் வயிற்றில், வாரம் ஒரு தரம் போதும்.

அளந்ததை உங்கள் உயரத்தில் பாதியோடு ஒப்பிடுங்கள். இடுப்பு அதற்குள் இருப்பது நல்லது. என் கணக்கில் 86. இந்தியர்களுக்கென்று மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அமெரிக்காவில் வைத்திருக்கும் எல்லைகளைவிட இது குறைவு. காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல கதை இருக்கிறது.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவு நிபுணர் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையுமே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் எண்) ஒன்றேதான், 22.3. உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே உயர எடைக் கணக்கு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அளவான எடையில் இருந்துகொண்டே தொப்பையும் சர்க்கரையும் வைத்திருக்கும் மாமாக்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், பி.எம்.ஐ.யை வைத்துச் சொல்லும் பொதுவான உடற்பருமன் 28.6 சதவீதம் பேருக்கு இருந்தது. வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கு. பி.எம்.ஐ.யை மட்டும் பார்த்தால் தப்பித்துவிடும் தொப்பைகள் எத்தனை என்று பாருங்கள்.

ஜிம்மிலும் மருந்துக்கடையிலும் காலை வைத்து நின்றால் கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின் இருக்கும். உடம்பு வழியாக லேசான மின்சாரம் செலுத்தி, தண்ணீரின் அளவை வைத்து அது கணக்குப் போடுகிறது. காலையில் ஒரு எண், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகு ஒரு எண், வியர்த்து வந்த பிறகு இன்னொரு எண் காட்டும். அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். எக்ஸ்ரே மூலம் கொழுப்பையும் தசையையும் பிரித்து அளக்கும் டெக்சா ஸ்கேன் இதைவிட மேல். ஆனால் நம் கேள்விக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. டேப்பும், மாதம் ஒரு தரம் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த மூன்று போட்டோவும் போதும்.

உங்களிடம் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது?

இதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் முழுதாக நெஞ்சு இறங்கி எழும் தண்டால் எத்தனை? தொடை தரைக்கு இணையாக வரும்வரை உட்கார்ந்து எழும் பஸ்கி எத்தனை? கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா? நான் 66 கிலோவில் எடுத்த தண்டால் நான்கு. நாலாவது பாதியில் நின்றது.

எடையை எப்படிக் குறைத்தீர்கள் என்பதும் முக்கியம். நடை, சோற்றைப் பாதியாக்குவது, ராத்திரி ஓட்ஸ் கஞ்சி என்று குறைத்திருந்தால், போனது எல்லாமே கொழுப்பு இல்லை. எடைப் பயிற்சியும் போதிய புரதமும் இல்லாமல் குறைத்தால், போகும் எடையில் கால் பங்கு வரை கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். என் 16 கிலோவில் நாலு கிலோ அப்படிப் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குச்சிக் கைக்கு வேறு விளக்கம் வேண்டாம். மேற்கொண்டு குறைத்தபோது தொப்பை மட்டும் ஏன் பிடிவாதம் பிடித்தது என்பதும் புரிகிறது. கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பதை பரம்பரையும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. நம்மால் சொல்லி வாங்க முடியாது. தினமும் நூறு சிட்-அப் எடுத்தால் வயிற்றுத் தசை பலமாகும். மேலே இருக்கும் கொழுப்பு அதைக் கண்டுகொள்ளாது.

இப்போது முடிவு

உயரத்தில் பாதி என்ற கோட்டை வைத்து நான் பயன்படுத்தும் கணக்கு இது. மருத்துவ விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு கைக்கணக்கு.

இடுப்பு அந்தக் கோட்டைவிட ஐந்து செ.மீ.க்கு மேல் கூடுதலாக இருந்தால், அல்லது ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) எல்லை தாண்டியிருந்தால், ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று வந்திருந்தால், கொழுப்பைக் குறைப்பதுதான் முதல் வேலை. இலக்கு எடை வந்துவிட்டதே என்று பார்க்காதீர்கள், இலக்கைத்தான் தப்பாக வைத்திருக்கிறோம். ஆனால் பழைய வேகம் கூடாது. தினமும் 300, 400 கலோரி குறைவு, வாரத்துக்கு அரை கிலோவுக்கு மிகாத இறக்கம், அதுவும் எடைப் பயிற்சியோடு. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை போய்விட்டு, திரும்ப ஒரு மாதம் நிறுத்திவைக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சாப்பாடு குறைந்து உடற்பயிற்சி கூடும்போது பழைய டோஸே அதிகமாகி, சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடலாம்.

இடுப்பு கோட்டை ஒட்டி, கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கிறது, கை கால் மெலிந்திருக்கிறது, ஒழுங்காக எடை தூக்கிப் பழகியதே இல்லை. இலக்கு எடைக்கு வரும் நம் ஆட்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். 70 கிலோவில் 90 செ.மீ. இடுப்போடு நின்ற நானும் இதில்தான் சேர்த்தி. இவர்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். எடை நிற்கும் அளவிலேயே சாப்பிட்டுக்கொண்டு, புரதத்தைக் கூட்டி, பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம் எடை தூக்கினால் போதும். புதிதாகத் தொடங்குகிறவரின் உடம்பு கொழுப்பைக் கரைத்துக்கொண்டே தசையையும் கட்டும். பல வருஷம் பயிற்சி எடுத்தவருக்கு இவ்வளவு சுலபத்தில் கிடைக்காத, புதுசுகளுக்கான சலுகை இது. இதை வைத்துக்கொண்டு மறுபடி பட்டினி கிடப்பது, கையில் இருக்கும் கூப்பனைக் கிழித்துப் போடுவது மாதிரி.

மூன்றாவது ரகம் உண்மையிலேயே மெலிந்தவர்கள். என் அலுவலகத் தோழி ஒருவர், 158 செ.மீ. உயரம், 54 கிலோ, இடுப்பு 74. பாதி உயரக் கோடு 79. அதற்கு நன்றாகவே கீழே இருக்கிறார். "இன்னும் நாலு கிலோ குறைச்சா தொடை சரியாகும்ல?" என்று கேட்டார். டீயை ஊற்றிக்கொண்டிருந்தவரிடம், தண்டால் எத்தனை எடுப்பீங்க என்று கேட்டேன். சிரித்தார். இவருக்கு வேண்டியது தசை. தினமும் 200 கலோரி உபரி, மாதம் அரை கிலோ ஏற்றம். ஆண்கள் மாதம் ஒரு கிலோ வரை போகலாம். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் தொப்பைக் கணக்கில்தான் வரவு. எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் பல பெண்களுக்கு இருக்கிறது. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களில் ஒரு சிறு பங்குதான். அப்படி உடம்பு வைக்க வருஷக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும், தவறிப்போய் வராது. எடை குறைத்த காலத்தில் மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலோ நின்றிருந்தாலோ, கேள்விக்கே இடமில்லை. சாப்பாட்டைக் கூட்டுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

ஒன்றிரண்டு வருஷம் ஒழுங்காக எடை தூக்கிவிட்டு இதைப் படிப்பவர்களும் இருக்கலாம். உங்களுக்கு அந்தப் புதுசுச் சலுகை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது நான்கு மாதம் அதிலேயே நில்லுங்கள். இந்த மாதம் கட்டிங், அடுத்த மாதம் பல்கிங் என்று மாறுகிறவர்கள் மூன்று வருஷம் கழித்தும் அதே போட்டோவில்தான் இருக்கிறார்கள்.

தூக்குவது எப்படி

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு நாளும் உடம்பு முழுக்க. பல ஜிம்களில் திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கை என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு புதன் மழையில் நனைந்து லீவு போட்டால் அந்த வாரம் கைக்கு வேலையே இல்லை. புதியவருக்கு ஒவ்வொரு தசையும் வாரத்தில் இரண்டு, மூன்று முறை வேலை செய்வதுதான் நல்லது.

ஒரு நாளைக்கு ஐந்து அசைவுகள் போதும்: உட்கார்ந்து எழுவது (டம்பிளைப் பிடித்தபடி ஸ்குவாட்), இடுப்பில் மடங்கித் தூக்குவது (ரொமேனியன் டெட்லிஃப்ட்), தள்ளுவது (தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ்), இழுப்பது (லாட் புல்டவுன் அல்லது டம்பிள் ரோ), தலைக்கு மேல் தூக்குவது. ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை. செட் முடிகிறபோது 'இன்னும் இரண்டு எடுக்கலாம், மூன்றாவது வராது' என்ற நிலை இருக்க வேண்டும். பேசிக்கொண்டே பதினைந்து எடுக்க முடிந்தால் எடை போதாது. முதல் இரண்டு வாரம் மட்டும் லேசான எடையில் அசைவைப் பழகுங்கள். மூட்டில் குத்துகிற மாதிரி வலித்தால் நிறுத்திவிட்டு அசைவைச் சரிபாருங்கள். தசை எரிவதும் மறுநாள் பிடிப்பதும் சாதாரணம்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் மாதத்துப் பக்கம் ஒன்று இப்படி இருக்கிறது: "செவ்வாய். ஸ்குவாட் 10 கிலோ டம்பிள்: 12, 12, 10. ரோ 10 கிலோ: 12, 10, 9. தண்டால்: 5, 4, 3 (கட்டிலில் கை வைத்து 8). தூக்கம் 5 மணி நேரம், கடுப்பு." அடுத்த முறை அந்த 10ஐ 11 ஆக்கப் பார்க்க வேண்டும். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் எடையை இரண்டரை கிலோ கூட்டி, மறுபடி எட்டிலிருந்து ஏறுங்கள். தசை வளர்வதற்கான காரணம் இந்த ஏற்றம்தான். ஆறு மாதமாக அதே 10 கிலோவை அதே பன்னிரண்டு தடவை தூக்குகிறவருக்கு உடம்பு எதற்காகப் புதிதாகத் தசை போட வேண்டும்?

ஜிம் போக முடியாதவர்கள் எடை மாற்றிக்கொள்ளும் டம்பிள் ஒரு ஜோடியும் ஒரு உறுதியான பெஞ்சும் வாங்கினால் முதல் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம். நடையை விட்டுவிடாதீர்கள், அது இதயத்துக்கு. ரத்த அழுத்தம் அதிகம், குடலிறக்கம், முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாடு: நம் தட்டில் எது குறைகிறது

தசை கட்ட, எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் இருந்தால் நல்லது. 68 கிலோ ஆளுக்கு 109 கிராம் வருகிறது. இப்போது ஒரு சாதாரண நாளைக் கூட்டிப் பாருங்கள். காலை நாலு இட்லி சாம்பார், சுமார் 12 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர், 15. சாயங்காலம் டீயோடு ஒரு வடை, 4 அல்லது 5. ராத்திரி மூன்று தோசை சட்னி, 10. மொத்தம் நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. கூலியில் பாதிகூட வரவில்லை, வீடு எப்படி எழும்பும்?

அசைவம் சாப்பிடுகிறவருக்குச் சுலபம். காலையில் மூன்று முட்டை (18 கிராம்), மதியமோ இரவோ 150 கிராம் கோழியோ மீனோ (30க்கு மேல்), மாலையில் வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (10, 12). நூறை எட்டிவிடுவோம். மத்தி, சூரை மாதிரி மீன்களுக்கு விலையும் அவ்வளவாக இல்லை. சைவத்துக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மீல் மேக்கர் 50 கிராம் (உலர்ந்த எடையில்) 26 கிராம் புரதம் தரும். நூறு கிராம் பனீரில் 18. இரண்டு கிண்ணம் தயிரும் ஒரு சுண்டலும் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. பனீர் நூறு கிராமில் 300 கலோரியை ஒட்டி வரும் என்பதால், அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வேர்க்கடலையைப் புரதம் என்று கைப்பிடி கைப்பிடியாக வாயில் போடும் பழக்கம் எனக்கும் இருந்தது. நூறு கிராமில் புரதம் 25 கிராம் இருப்பது உண்மை. கூடவே 560 கலோரிக்கு மேல் வருகிறது. அது கொழுப்புச் சாமான், கூடவே புரதமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டிக்கடையில் பொட்டுக்கடலை வாங்கினால் கலோரி குறைவு.

புரோட்டீன் பவுடர்? நான் முதன்முதலில் சேர்ந்த ஜிம்மில் அட்மிஷன் போட்ட அன்றே டிரெய்னர் ஒரு பெரிய டப்பாவை மேசையில் வைத்தார். ஒரு செட்கூட எடுத்திருக்கவில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், உடம்பேற்றுவதற்காக இந்த மாதிரிப் பவுடர்களை எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. நான் அந்த அளவுக்குக் கண்டிப்பில்லை. தட்டில் 80, 90 கிராம் வந்த பிறகும் இடைவெளி இருந்தால், ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம், அவ்வளவுதான். தட்டில் 40ஐ வைத்துக்கொண்டு டப்பாவில் நிரப்புவதுதான் வீண். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் புரதக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் சொல்வதுதான் அளவு.

தூக்கத்தைச் சாப்பாட்டோடு சேர்த்தே சொல்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் பத்துப் பேரை இரண்டு கட்டமாக, ஒரே குறைந்த கலோரிச் சாப்பாட்டில் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் படுக்கையில் எட்டரை மணி நேரம், மற்றதில் ஐந்தரை. எடை இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் குறைவாகத் தூங்கிய கட்டத்தில், இறங்கிய எடையில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் சரிந்திருந்தது. மீதி கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போனது. என் நோட்டில் 'கடுப்பு' என்று எழுதிய நாட்களில் எண்களும் இறங்கியிருப்பதை இப்போது புரட்டினால் தெரிகிறது.

நான்கு வாரத்துக்கு ஒரு தரம் கணக்கு பார்ப்பது

மூன்று எண்கள்தான்: எடையின் வாரச் சராசரி, இடுப்பு, நோட்டில் உள்ள எடைகள். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் அதே வாரத்தை அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். நடுவில் ஒரு கிலோ, இரண்டு கிலோ தண்ணீராக ஏறி இறங்கும்.

எடை அசையவில்லை, இடுப்பு ஒரு செ.மீ. குறைந்திருக்கிறது, நோட்டில் எண்கள் ஏறியிருக்கின்றன என்றால் கொழுப்பு போய்த் தசை வந்துகொண்டிருக்கிறது. எதையும் மாற்றாதீர்கள். எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால் 'ஒரு மாதம் வீண்' என்று நிறுத்தியிருப்பீர்கள். எடையும் இறங்கி, நோட்டின் எண்களும் இறங்கினால் சாப்பாடு போதவில்லை. கொழுப்பைக் குறைக்கும் கட்டத்தில் இருந்தாலும்கூட 150 கலோரி கூட்டுங்கள். எடையும் இடுப்பும் சேர்ந்து ஏறுகின்றன, நோட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், சாப்பிடுகிறீர்கள், தூக்கவில்லை. தசையைக் கூட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் கடிவாளம் இடுப்பில் மூன்று செ.மீ. அதற்கு மேல் ஏறினால் உபரியை நிறுத்திவிட்டு ஒரு மாதம் அதே எடையில் நில்லுங்கள்.

தீபாவளி வாரத்திலும், வரிசையாகக் கல்யாணம் வரும் தை, வைகாசி மாதங்களிலும் குறைக்கும் கட்டத்தைத் தொடங்காதீர்கள். பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்து கலோரி எண்ணுகிறவரைப் பார்த்தால் பரிமாறுகிறவருக்கும் கஷ்டம். அந்த வாரங்களை எடை நிற்கும் கட்டத்துக்கு விட்டுவிடலாம்.

நான் 66லிருந்து சாப்பாட்டை ஏற்றி, பதினாறு வாரம் இப்படிப் போனேன். முடிவில் எடை 67.5, இடுப்பு 86, தண்டால் பதினாறு. எடை மெஷின்படி பார்த்தால் ஒன்றரை கிலோ தோல்வி. கேன் ஸ்டாண்டில் ஏறுகிறது.

ஒரு விஷயம் பாக்கி. இருபது, முப்பது கிலோவுக்கு மேல் குறைத்தவர்கள் தொங்கும் தோலைத் தொப்பை என்று நினைத்துக்கொண்டு மேலும் மேலும் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றில் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். கைக்குள் தடிமனாக, மெத்தென்று வந்தால் கொழுப்பு. புறங்கைத் தோலைக் கிள்ளியது போல மெல்லிய மடிப்பாக வந்தால் வெறும் தோல். அதைச் சாப்பாட்டைக் குறைத்துக் கரைக்க முடியாது. அடியில் தசை நிரம்பினால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவும் ஓரளவு சுருங்கும். அதற்கு மேலும் உறுத்தினால் பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேட்கலாம். டயட் மாற்றத் தேவையில்லை.